பட்டையின் மேல்விளிம்பு

என் மனைவியின் வலது கால் பிரசவத்தில் போனது. மூன்று நாள் வலித்து, குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. நாலாம் நாள் அவள் எழுந்து நிற்கப் பார்த்தபோது பாதம் துவண்டு மடங்கியது. "பச்சை உடம்பு. ரத்தம் ஏறுனா சரியாப் போகும்" என்றாள் மருத்துவச்சி. ரத்தம் ஏறியது. உடம்பும் தேறியது. பாதம் மட்டும் திரும்பவில்லை. காலைத் தூக்கினால் முன்பாதம் தொங்கும். நடந்தால் விரல்கள் தரையை இழுத்துக்கொண்டு வரும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் முழுக்க மரத்திருந்தது. ஒருநாள் அடுப்பிலிருந்து கங்கு தெறித்து அங்கே விழுந்ததை, சேலை கருகிய வாடையை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

அந்தக் கங்கை எடுத்து எறிந்தவன் நான். அந்த இடம் மரத்துப்போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் காலில் இரும்பை மாட்டினேன் என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

நாங்கள் வெள்ளாமைக் குடும்பம். மழை இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் பொய்த்தபோது நான் கப்பலேறி ரங்கூன் போனேன். அங்கே ஒரு அரிசி மில்லில் ஒன்பது வருஷம் மிஷின் பூட்டிக் கழற்றும் பிட்டர் வேலை. திரும்பி வந்ததும் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் விளக்கெரிக்கும் எஞ்சினையும் மோட்டார் வண்டியையும் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அந்த வீட்டுக்காரரை எல்லோரும் அப்பச்சி என்பார்கள்; நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ரங்கூனிலிருந்து அந்த வீட்டார் கொண்டுவந்த, இரும்பைக் கடையும் கால்மிதி லேத்து ஒன்று சாமான் போட்டுவைக்கும் கிட்டங்கியில் துருப்பிடித்துக் கிடந்தது. கேட்டேன். எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாட்டுவண்டியில் ஏற்றிவந்து என் வீட்டுக் கொல்லையில் ஒரு கீற்றுக்கொட்டகை போட்டு நிறுத்தினேன். வீட்டிலேயே லேத்து வைத்திருக்கும் குடியானவன் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

ரங்கூன் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரர் காலில் இரும்புத் தாங்கி மாட்டி நடப்பதைப் பார்த்திருந்தேன். இரண்டு பக்கமும் இரண்டு தண்டுகள். கீழே அவை தோல் செருப்போடு சேரும். மேலே கெண்டைக்காலைப் பின்னாலிருந்து அணைத்தபடி ஒரு பட்டை, முன்னால் வார். கணுக்கால் பக்கம் ஒரு கீல் இருக்கும். அது பாதத்தைத் தொங்கவிடாது. பிரசவம் முடிந்து ஏழெட்டு மாதத்தில், மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போவதைப் பார்த்தபோது அந்தத் தாங்கி நினைவுக்கு வந்தது. அவளிடம் சொன்னேன்.

"இரும்பைக் கால்ல கட்டிக்கிட்டா நடக்க முடியுமாங்க?" என்றாள்.

"முடியும். நான் பாத்திருக்கேன்."

"அப்பச் செய்ங்க. நீக செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

வெட்டிய இரும்பின் விளிம்பு கத்தியாக நிற்கும். எஞ்சின் சாமானுக்கு அதனால் பெரிய மோசமில்லை. பிசிறைத் தட்டிவிட்டால் போதும். இது உடம்பில் கிடக்கப்போவது. எல்லா விளிம்பையும் உருட்டியாக வேண்டும். உருட்ட என்னிடம் இருந்தது அரம். அரம் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு சிறு தட்டை விடும். நூறு தட்டை சேர்ந்தால்தான் ஒரு உருட்டு. கை அசந்த இடத்தில் உருட்டு கோணிப்போகும். தேய்ந்த அரத்தின் நுனியில் அரைவட்டமாகப் பள்ளம் எடுத்துச் சாணை பிடித்து ஒரு சுரண்டியும் செய்து பார்த்தேன். பித்தளைக்கு அது தேவாமிர்தம். இரும்பில் துள்ளித் துள்ளி அலை அலையாகத் தடம் விட்டது.

எஞ்சின் உதிரிகளுக்காக மதராஸிலிருந்து பெரிய வீட்டுக்கு ஒரு படப்புத்தகம் வரும். அதில் ஒரு பக்கத்தில் கட்டர்கள் இருந்தன. உள்ளங்கை அளவுப் பல்சக்கரம். ஒவ்வொரு பல்லிலும் கால்வட்டமாகக் குழி. அதை லேத்தில் பூட்டிச் சுற்றவிட்டு இரும்பை அதன் கீழ் மெதுவாக நகர்த்தினால், மூலை தானாக உருண்டு வரும். வட்டத்தின் அளவைப் பொறுத்து மூன்று தினுசு: அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கான வீசம், அதில் இரு மடங்கு அரைக்கால், அதிலும் இரு மடங்கு கால் அங்குலம்.

அப்பச்சியிடம் காட்டினேன். "எதுக்குடா இது?" என்றார். சொன்னேன். "ஒண்ணு எழுதிக்க. எஞ்சின் சாமானோட வந்துரட்டும்" என்றார்.

ஒன்று என்றதும், எது என்ற கேள்வி வந்தது. எஞ்சின் அறைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டுப் போட்டு அழித்தேன். தண்டு கால் அங்குலக் கனம். அதில் பாதி அரைக்கால். அரைக்கால் கட்டரை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை ஓட்டினால் இரண்டு கால்வட்டமும் நடுவில் சந்தித்து விளிம்பு முழு உருண்டையாகிவிடும். கணக்கு அச்சாகப் பொருந்தியது. அரைக்கால் என்று எழுதிக் கொடுத்தேன்.

பட்டையை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. கெண்டைக்காலைச் சுற்றி வளைய வேண்டிய பட்டை தண்டின் கனத்தில் இருக்க முடியாது. அது பாதிக் கனம்தான். அதற்கு வீசம் கட்டர்தான் சரி. வீசம் வாங்கியிருந்தால் தண்டின் விளிம்பில் நடுவே கொஞ்சம் தட்டை நின்றிருக்கும்; பார்க்க அவ்வளவு அழகாக இருந்திருக்காது. ஆனால் அது யாரையும் வெட்டாது.

பொங்கல் கழிந்து சாமான் வந்தது. தண்டுகளுக்கு ஒரு வாரம் ஆனது. லேத்தை மிதித்து மிதித்துத் தொடை கடுத்தது. ஆனால் விளிம்பு வந்த வரத்து! பட்டறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் கொடுத்தேன். உள்ளங்கையை மேலிருந்து கீழ்வரை ஓட்டினாள்.

"மூங்கிக் கம்பு மாதிரில இருக்கு" என்று சிரித்தாள். குழந்தைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு பட்டை. நேராக இருக்கும்போதே விளிம்பை உருட்டிவிட்டு அப்புறம் வளைப்பது என்று முடிவு செய்திருந்தேன். அதே கட்டரை ஓட்டினேன். இரண்டு பக்க வட்டங்களும் முழுதாக முடிவதற்கு முன்பே நடுவில் மோதிக்கொண்டன. விளிம்பு நெடுகக் கூரை முகடு போல மெல்லிய கோடு ஒன்று எழுந்து நின்றது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை. இலையின் நடுநரம்பு மாதிரி அழகாகக்கூட இருந்தது.

பட்டையை வளைக்கக் காரைக்குடியில் ஒரு கொல்லரிடம் கொண்டுபோனேன். அவர் உலையில் வைக்குமுன் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்னப்பா, நடுவுல கூர் நிக்குது? அரத்தைப் போட்டு நாலு இழுப்பு இழுத்துரு."

"மிசின்ல ஓட்டுனது அண்ணே. உப்புத்தாள் போட்டாப் போயிரும்" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் துருத்தியைப் பார்க்கப் போனார். தெருக் கொல்லர் ரங்கூன் பிட்டருக்கு அரம் பிடிக்கச் சொல்லுகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு.

வீட்டுக்கு வந்து உப்புத்தாளால் இரண்டு தடவை தேய்த்தேன். முகடு போகவில்லை; பளபளப்பாக ஆனது. கட்டைவிரலை வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் தட்டவில்லை. இத்தனை வருஷம் இரும்பு தேய்த்த விரல் அது. ஆட்டுக்குளம்பைப் போல இறுகிப்போனது. அதற்கு என்ன தெரியும்? உள்முகத்துக்குத் தோல் வைத்துத் தைத்து வாங்கினேன். மேல்விளிம்பு மட்டும் தோலுக்கு வெளியே இரும்பாகவே நின்றது.

அரத்தை எடுத்திருக்கலாம். அவசரப்பட்டேன். மாசி மகம் நெருங்கிக்கொண்டிருந்தது. திருக்கோஷ்டியூர்த் தெப்பத்துக்குப் போய்க் குளக்கரையில் விளக்கு வைக்க வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். வேண்டிக்கொண்டு அங்கிருந்து ஒரு விளக்கை எடுத்து வந்தால், பலித்ததும் திரும்பக் கொண்டுபோய் வைப்பது அந்தக் குளத்து வழக்கம்.

"புள்ளை வேணும்னு அங்க விளக்கு எடுத்தேன். பொறந்துச்சு. நிக்கல. அதுக்காகச் சும்மா இருந்துற முடியுமா? விளக்கைக் கொண்டுபோய் வைக்கணும்ல" என்றாள்.

தாங்கியை மாட்டிவிட்டேன். எழுந்து நின்றாள். கொல்லைக் கதவிலிருந்து கிணறு வரை நடந்தாள். பாதம் தொங்கவில்லை. விரல் தரையில் படவில்லை. கிணற்றடியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கனமா இருக்குங்க. ஆனா காலு என் காலு மாதிரி வருது."

"எங்கயாச்சும் உறுத்துதா?"

"இல்லையே."

நான் அவளை நிற்கவைத்துப் பார்த்தேன். நடக்கவைத்துப் பார்த்தேன். உட்காரச் சொல்லிப் பார்க்கவில்லை. என் புத்தியில் தாங்கி என்பது நடக்கிற சாமான். நம் பெண்கள் நாளில் பாதி நேரம் தரையில் காலை மடக்கி உட்கார்ந்திருப்பவர்கள். அரைப்பதும் அரிவதும் அடுப்பூதுவதும் உட்கார்ந்துதான். காலை மடக்கினால் முழங்காலுக்குப் பின்னுள்ள சதை கீழே இறங்கிப் பட்டையின் மேல்விளிம்பில் அமுங்கும். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அமுங்கிக்கொண்டே இருக்கும். கப்பல்காரர் நாற்காலியில் உட்காருகிறவர்.

திருக்கோஷ்டியூருக்குப் போனோம். திருப்பத்தூர் வரை பஸ், அங்கிருந்து மாட்டுவண்டி. வண்டியில் வைக்கோல் மேல் காலை மடக்கித்தான் உட்கார்ந்து வந்தாள். குளக்கரையில் அவ்வளவு கூட்டத்திலும் என் கையைப் பிடிக்காமல் நடந்தாள். படியில் குனிந்து விளக்கை வைத்தாள். யாரோ ஒரு அம்மாள் அவள் காலைப் பார்த்து, "இதென்னத்தா?" என்று கேட்க, "எங்க வீட்டுல செஞ்சது" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். நான் நாலடி பின்னால் நின்று கேட்டேன். என் வாழ்க்கையில் அதைவிட நிறைந்த ஒரு நாளைச் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது.

தாங்கி மாட்டிய பன்னிரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தேன். அடுப்பில் நெருப்பில்லை. அவள் பாயில்லாமல் தரையில் படுத்திருந்தாள். தொட்டால் உடம்பு கொதித்தது. தாங்கி காலிலேயே இருந்தது. வாரை அவிழ்த்துப் பட்டையை இழுத்தபோது அது லேசில் வரவில்லை. கெண்டைக்காலின் பின்பக்கம், வெளிப்புறம், கோடு கிழித்ததுபோல் நீளமாக ஒரு வெட்டு. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பியிருந்தாள். அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கறுத்திருந்தது. அந்த வாடையைப் பற்றி எழுத வேண்டாம்.

"எத்தனை நாளா இது?"

"எட்டு நாளு இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"வலிக்கலைங்க. வலிச்சாத்தானே சொல்லுவாக."

அப்பச்சி தன் மோட்டார் வண்டியையே கொடுத்தார். நானே ஓட்டினேன். மதுரை போய்ச் சேரும்வரை பின்னாலிருந்து அவள் ஒரு சத்தமும் போடவில்லை. பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் நான்தான் "ஐயோ" என்றேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் நடுவயதுக்காரர்; நிதானமாகப் பேசுகிறவர். காலைப் பார்த்துவிட்டு, எதனால் வெட்டியது என்று கேட்டார். தாங்கியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்டைத் தடவினார். கீலை மடக்கி நிமிர்த்தினார்.

"யார் செஞ்சது?"

"நான்தாங்க."

"வேலை ரொம்பச் சுத்தமா இருக்கு" என்றார். அப்படியே விரலைப் பட்டையின் மேல்விளிம்பில் ஓட்டினார். விரல் பாதியில் நின்றது. திரும்ப ஒருமுறை ஓட்டினார். பிறகு அதை மேசைமேல் வைத்தார். பேனா பிடிக்கிற விரல். ஒரு தடவையில் அதற்குத் தெரிந்துவிட்டது.

முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார். இன்றைக்கே எடுக்காவிட்டால் உயிருக்கு நான் ஜவாப்தாரி இல்லை என்றார். ஒரு காகிதத்தில் என் கையெழுத்தை வாங்கினார்கள். அவளிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கட்டிலருகே போய் நின்றேன். அவளே, "எடுக்கணும்ங்கிறாகளா?" என்றாள். தலையை ஆட்டினேன். "சரி. எடுக்கட்டும். நீக எதுவும் சாப்பிட்டீகளா?" என்றாள்.

அவள் பிழைத்தாள். ஆறு வாரம் கழித்து ஊருக்குக் கூட்டிவந்தேன். பார்க்க வந்தவர்களில் அவளுடைய தமையன், எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, "அது சும்மாக் கெடந்த காலுதானே மாப்பிள்ளை" என்றார். அவர் நல்ல மனுஷர். அந்தச் சொல்லை அவர் அன்றே மறந்திருப்பார்.

அது சும்மா கிடந்த கால் இல்லை. பன்னிரண்டு நாள் நடந்த கால். நான் பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டாவது அடுப்படிக்குப் போயிருக்கும் கால்.

அந்த வாரத்திலேயே அடுத்த வீட்டு அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இதை ஒங்ககிட்டச் சொல்லாம எனக்கு ஒறக்கம் வரல தம்பி. அது எங்கிட்ட வந்து வலிக்குதுன்னு அழுதுச்சு. 'கழட்டிப் போடு ஆத்தா'ன்னேன். 'ரங்கூன்ல படிச்ச வேலையெல்லாம் இதுக்குள்ள போட்டு வச்சிருக்காக. கழட்டுனா மனசு விட்டுருவாக. தழும்பேறுனாச் சரியாப் போகும்'ன்னுச்சு."

வலிக்கவில்லை என்றாள் என்னிடம். வலிக்கிறது என்றாள் அக்காவிடம். மரத்த இடம் எதுவரை, உணர்ச்சியுள்ள இடம் எதுவரை என்று நான் அவள் காலில் ஒருநாளும் தொட்டு அளந்து பார்த்ததில்லை. தண்டின் கனத்தை மட்டும் மயிரிழை பிசகாமல் அளந்தேன்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. பட்டையைப் பிடியில் இறுக்கி அரத்தை எடுத்து மேல்விளிம்பில் இழுத்தேன். அந்த முகடு இரும்புத் தூளாகக் கீழே உதிர்ந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முழுக்கத் தேய்த்து முடிக்க ஒரு உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான் வேலை. அந்த அளவு வேலையைத்தான் நான் செய்யாமல் விட்டிருந்தேன். கொட்டகைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே, அவளுக்குக் கேட்குமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

சில மாதம் போயிற்று. அவள் தரையில் கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து வீட்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் துணிந்து சொன்னேன்.

"மரத்துல ஒரு காலு செய்யலாம். மேல மெத்துமெத்துன்னு பஞ்சு வச்சு, இரும்பே இல்லாம..."

அவள் கத்தவில்லை. முகம்கூட மாறவில்லை. "வேணாங்க. நீக எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம்" என்றாள்.

அடுத்த மாதம் அவளுடைய தமையன் காரைக்குடியில் ஒரு தச்சரிடம் சொல்லி இரண்டு ஊன்றுகோல் செய்து கொண்டுவந்தார். அவள்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அக்குளில் வைக்கும் இடம் சரியாக இழைக்கப்படாமல் கரடாக இருந்தது. எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. அவள் பழந்துணியைச் சுற்றிக்கொண்டாள்.

லேத்தை அப்பச்சி வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. எஞ்சின் வேலை மட்டும் தொடர்ந்தது. சோறு வேண்டுமே.

பல வருஷம் கழித்து ஒருநாள் கேட்டேன். அவள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒனக்கு வலிச்சுச்சா இல்லையா? நெசத்தைச் சொல்லு."

ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். "அதுக்கென்ன இப்ப" என்றாள். பிறகு, "தண்ணி இல்லை. ஊருணிக்குப் போயிட்டு வாரீகளா?" என்றாள்.

தண்ணீர் எடுப்பது அப்போது என் வேலையாகிவிட்டிருந்தது. குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். படித்துறையில் பெண்கள் நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் வழக்கம்போலப் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். குனிந்து குடத்தை அமுக்கினேன். நிறைந்ததும் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினேன்; முதுகுக்குப் பின்னால் பேச்சு மறுபடி தொடங்கியது.